காகிதம் யார் கையில்? உத்தப்புரம் சுவரும் சேரியைத் தேடிவரும் ஆய்வுகளும்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் ஒரு சிற்றூரின் சேரிக்கு, வன்கொடுமை வழக்கொன்றின் சாட்சிகளைச் சந்திக்க ஒருமுறை சென்றிருந்தோம். நாங்கள் பேச்சைத் தொடங்குமுன் வயதான பெண்மணி ஒருவர் இடைமறித்தார். "ஏந் தம்பி, போன வருசம் ரெண்டு பிள்ளைக வந்து பூராத்தையும் எழுதிட்டுப் போச்சுக. அதுக்கு முன்னாடி ஒருத்தரு டேப்புல பிடிச்சாரு. அந்தக் காயிதமெல்லாம் எங்க போச்சு? மறுபடியும் மொதல்லருந்து சொல்லணுமா?" எங்களிடம் பதில் இல்லை.

எழுதிச் சென்றவர்கள் தீய நோக்குடன் வந்தவர்கள் அல்லர். யாரோ ஆய்வு மாணவர்கள், யாரோ ஒரு நிறுவனத்தின் களப்பணியாளர். ஆனால் அந்த வழக்கில் எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது, சம்பவத்துக்கு முந்தைய ஆண்டுகளில் அவ்வூரின் தேநீர்க் கடையிலும் கண்மாய்க் கரையிலும் சுடுகாட்டுப் பாதையிலும் என்ன நடைமுறை நிலவியது என்பதைக் காட்டும் ஒரு பதிவுதான். அத்தகைய பதிவு இருமுறை எடுக்கப்பட்டிருக்கிறது. அது எந்த நகரத்தின் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது, அதைத் தந்த மக்களுக்குத் தெரியாது. ஆய்வாளருக்கும் சமூகத்துக்கும் இடையிலான கூட்டுறவு குறித்துக் கருத்தரங்குகளில் நிறையப் பேசப்படுகிறது. நீதிமன்ற வாசலில் நிற்கும் எங்களுக்கு அக்கூட்டுறவு ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: ஆய்வு முடிந்தபின் காகிதம் யார் கையில் இருக்கிறது?

சுவர் எப்படிச் சான்றாயிற்று

மதுரை மாவட்டத்தவருக்கு உத்தப்புரத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் சாதி மோதலுக்குப் பிறகு, தலித் குடியிருப்புக்கும் சாதி இந்துக்களின் தெருக்களுக்கும் இடையே சுவர் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அச்சுவர் நின்றது. அரசின் வருவாய்த் துறையும் காவல்துறையும் ஊராட்சி ஒன்றியமும் அதன் நிழலிலேயே நடமாடின. பொதுப்பாதை அடைக்கப்பட்டிருப்பதை உத்தப்புரத்துத் தலித்துகள் அறியாத நாள் ஒன்றுகூட இருந்திருக்காது. ஆயினும் அந்த அறிவு மாவட்ட ஆட்சியரின் மேசையை எட்டவில்லை.

2007இல் உருவான தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி, எந்தெந்த ஊரில் எந்தெந்த வடிவத்தில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுகிறது என்று ஊர் ஊராகக் களஆய்வு நடத்தியது. இரட்டைக் குவளை, முடிதிருத்தகத்தில் மறுப்பு, செருப்புக்கும் மிதிவண்டிக்கும் தடை, கோயில் தடை, சுடுகாட்டுப் பாதை மறுப்பு என நீளும் வழக்கமான வரிசைக்குள் உத்தப்புரம் சுவரும் பதிவாயிற்று. 2008 ஏப்ரலில், சுவரின் மேல் மின்கம்பி இழுக்கப்பட்டிருந்த செய்தி நாளேடுகளில் வெளிவந்து நாடெங்கும் அதிர்வை உண்டாக்கியது. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகமே சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. கோயில் நுழைவுக்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 2011 நவம்பரில்தான் அது நடந்தது. இடைப்பட்ட காலத்தில் அம்மக்கள் பட்ட பாட்டைத் தனியே எழுத வேண்டும்.

வழக்கறிஞர்களாக எங்களை உறுத்துவது இதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி. சுவரை நியாயப்படுத்தியவர்கள் அன்று ஆவணங்களைப் பற்றிப் பேசினார்கள். 1989 மோதலுக்குப் பின் இருதரப்பும் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை இருக்கிறது என்றார்கள். சுவர் தங்கள் பட்டா நிலத்தில் நிற்கிறது என்றார்கள். மோதலில் அடிபட்டு, உயிரிழப்பைக் கண்டு, சூழ்ந்து நிற்கும் பெரும்பான்மைக்கு நடுவே ஒரு சிறுபான்மை இடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எழுத்து அவர்கள் பக்கம் இருந்தது. நம் பக்கம் இருந்தது வாய்மொழியும் நினைவும்தான். அந்தச் சமமின்மையை முதன்முறையாகக் குலைத்தது களஆய்வு. சுவரைப் பற்றிய குறை ஒரு தெருவின் புலம்பலாக இருந்த நிலை மாறி, மாநிலம் முழுவதும் எண்ணி வரிசைப்படுத்தப்பட்ட ஒரு நடைமுறையின் உறுப்பாயிற்று.

ஆய்வு நடத்தியவர்களும் அதைப் பயன்படுத்தியவர்களும் இங்கே ஒரே அணியினர். கேள்வி கேட்டவரே மறுமாதம் ஆட்சியர் அலுவலகத்தின் முன் கோரிக்கை அட்டையுடன் நின்றார். இதனால் ஆய்வின் நடுநிலை கெட்டுவிட்டது என்று சில கல்வியாளர்கள் முகம் சுளிக்கலாம். சுவர் அங்கே இருந்ததா இல்லையா என்பதே பதிலாகப் போதும் என்று நாங்கள் கருதுகிறோம்.

எண்ணிக்கையிலிருந்து சட்டத்துக்கு

ஆய்வு சட்டமாக மாறிய மரபு நமக்குப் புதிதன்று. காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து வந்த எல். இளையபெருமாள் தலைமையில் அமைந்த தீண்டாமை பற்றிய குழு, நாடெங்கும் சுற்றி 1969இல் அறிக்கை அளித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர்மாறிக் கடுமையாக்கப்பட்டதற்குப் பின்னால் அவ்வறிக்கை இருக்கிறது. ஆய்வுக் குழுவின் தலைவரே தீண்டாமையை உடலால் அறிந்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவைப் படித்துப் பாருங்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் அப்பிரிவு, பொதுச் சொத்துகள், சுடுகாடு, நீர்நிலை, பாதை, மிதிவண்டி, காலணி, புத்தாடை, திருமண ஊர்வலம், வழிபாட்டிடம், கடை, மருத்துவமனை, கல்வி நிலையம் என்று ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. சட்டமன்றத் தமிழும் நாடாளுமன்ற ஆங்கிலமும் பழகிய கண்ணுக்கு இது விநோதமான பிரிவு. ஏனெனில் இது களஆய்வுப் படிவத்தைப் போலவே இருக்கிறது. ஊர்களில் எழுதி எடுக்கப்பட்ட பட்டியல்கள் இல்லாமல் இப்படியொரு பிரிவை எவரும் மேசையில் உட்கார்ந்து கற்பனையால் எழுதியிருக்க முடியாது.

மதுரையிலிருந்தே இன்னொரு எடுத்துக்காட்டு. இங்குள்ள ஐடியாஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அலோசியஸ் இருதயம், ஜெயஸ்ரீ மங்குபாய், ஜோயல் லீ ஆகியோர், தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கத்துடன் இணைந்து, நான்கு மாநிலங்களில் 500 தலித் பெண்களிடம் அவர்கள் சந்தித்த வன்முறையைக் கேட்டுப் பதிந்தனர். 2006இல் அறிக்கையாகவும் 2011இல் சுபான் பதிப்பகத்தின் ஆங்கில நூலாகவும் அது வெளிவந்தது. வன்முறை நிகழ்வுகளில் 40.2 விழுக்காட்டில் பெண்கள் சட்டத்தையோ சமூகத்தையோ நாடவே முயலவில்லை என்ற எண், எங்களைப் போன்றோருக்கு மிகவும் பயன்பட்டது. காவல் நிலையப் புள்ளிவிவரத்தைக் காட்டி "இந்த வட்டாரத்தில் பெண்கள்மீது வன்கொடுமையே இல்லை" என்று அரசுத் தரப்பு வாதிடும்போது, புகார் இல்லாமைக்குக் காரணம் குற்றம் இல்லாமை ஆகாது என்று காட்ட ஓர் ஆதாரம் கிடைத்தது. தலித் பெண்களின் மீதான பாலியல் குற்றங்கள் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விரிவாக இடம்பெற்றதற்கு இந்த ஓர் ஆய்வே காரணம் என்று உரிமை கோர மாட்டோம். அத்திருத்தத்துக்காகப் போராடியோரின் கையில் இருந்தவற்றுள் இதுவும் ஒன்று.

அந்த 500 பெண்கள் வாய் திறந்தது எளிதான செயலன்று. கேட்டவர்கள் இயக்கத்தின் வழியாக வந்தவர்கள். நாளையும் அதே ஊருக்கு அதே இயக்கம் வரும் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. நம்பிக்கை என்று ஆய்வு நூல்கள் எழுதும் சொல்லின் நடைமுறைப் பொருள் இதுதான்.

பதிவு செய்வதன் ஆபத்து

ஆய்வாளர்கள் பலருக்குத் தெரியாத, தெரிந்தவரும் மறந்துவிடும் ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு வன்கொடுமை நடந்த மூன்றாம் நாள் உண்மையறியும் குழு ஊருக்குள் வருகிறது. பாதிக்கப்பட்ட இளைஞர் அழுகையும் கோபமுமாக நடந்ததைச் சொல்கிறார். குழுவினர் எழுதிக்கொள்கிறார்கள், ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்கிறார். "மாலை ஆறு மணி இருக்கும், நாலு பேர் வந்தாங்க" என்கிறார் இளைஞர். காவல்துறைக்கு அளித்த வாக்குமூலத்தில் ஏழு மணி, ஐந்து பேர் என்றிருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் அவர் நிற்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த அறிக்கையை எடுத்து நீட்டுகிறார். சாட்சி முன்பு எழுத்து வடிவில் கூறியதை வைத்தே அவரை முரண்படுத்தக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 145ஆம் பிரிவு; இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 148ஆம் பிரிவு. அவருக்கு உதவ எழுதப்பட்ட அறிக்கை அவரையே பொய்யராக்கும் கருவியாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, அதே அறிக்கை எங்களுக்குச் சாதகமாகப் பயன்படுமா என்றால், அது கடினம். அறிக்கையை எழுதியவர் தாம் நேரில் கண்டதைத்தான் சாட்சியாகச் சொல்ல முடியும். பிறர் சொல்லக் கேட்டது கேள்விவழிச் சான்று, நீதிமன்றம் ஏற்காது. எரிந்த குடிசையை அவரே ஒளிப்படம் எடுத்திருந்தால் அதற்கு மதிப்புண்டு. ஆனால் மின்னணுப் பதிவைச் சான்றாக்க பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். படமெடுத்த கருவி எது, யார் பொறுப்பில் இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்தக் கைப்பேசி அதற்குள் மாற்றப்பட்டிருக்கும். படமெடுத்தவர் வேறு மாநிலத்தில் வேறு வேலையில் இருப்பார்.

மற்றொன்று ரகசியம் பற்றியது. "நீங்கள் சொல்வது வெளியே போகாது" என்று ஆய்வாளர் ஒப்புதல் படிவத்தில் எழுதித் தருகிறார். கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் சொல்வதற்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. நீதிமன்றமோ விசாரணை அதிகாரியோ கேட்டால், குறிப்பேட்டையும் ஒலிப்பதிவையும் முன்வைக்க வேண்டிய நிலை வரும். தம்மால் காக்க முடியாத வாக்குறுதியைப் பல்கலைக்கழகம் அச்சிட்டுக் கொடுக்கிறது. கைநாட்டு வைப்பவர் அதை நம்புகிறார். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளம் வெளிப்படுவது தனிக் குற்றம் என்பதைப் பலர் அறிவர். ஊரின் பெயரையும் சம்பவ நாளையும் எழுதிவிட்டுப் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடாது என்பதை அறிந்தவர் குறைவு. நாற்பது வீடுகளே உள்ள தெருவில் யாரை மறைக்க முடியும்?

இதற்காக எவரும் பதிவு செய்யவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையறியும் குழுக்கள் போகாத ஊர்களில் முதல் தகவல் அறிக்கையே பதிவாகாமல் போவதை அன்றாடம் பார்க்கிறோம். வழக்கு நடக்கும் ஊரில் சம்பவத்தின் நேரடிச் சாட்சிகளிடம் கதை கேட்பதற்கு முன் வழக்கை நடத்துபவரிடம் ஒரு சொல் பேசுங்கள் என்கிறோம். சம்பவத்தைப் பற்றிக் கேட்பதைவிட, ஊரின் நடைமுறையை, பாதையின் அளவை, பட்டா யார் பெயரில் என்பதை, கண்மாய் மீன் ஏலத்தில் யார் கலந்துகொள்ள முடிகிறது என்பதை எழுதுங்கள். அவை குறுக்கு விசாரணையில் உடையா. நேரிலும் அலுவலகப் பதிவேட்டிலும் சரிபார்க்கத் தக்கவை.

ஆய்வுக்கு எதிராக ஆய்வு

குஜராத்தில் நவ்சர்ஜன் அமைப்பு, ராபர்ட் கென்னடி மையத்துடனும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடனும் சேர்ந்து 1,589 கிராமங்களில் தீண்டாமையை அளந்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. ஊரில் வேலை செய்யும் தலித் களப்பணியாளர்களே தரவு திரட்டினர். எப்படிக் கேட்பது, எப்படித் தொகுப்பது என்ற நுட்பத்தைப் பல்கலைக்கழகத்தார் அளித்தனர். தலித்துகளுக்கும் தலித் அல்லாதோருக்கும் இடையில் மட்டுமின்றி, தலித் உட்சாதிகளுக்குள் நிலவும் பாகுபாட்டையும் அவ்வறிக்கை மறைக்காமல் எழுதியது. நம்முள் பலர் தொடத் தயங்கும் இடம் அது. சமூகத்தின் கையில் ஆய்வு இருந்தால் சமூகத்துக்கு இதமானதை மட்டுமே எழுதுவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல மறுமொழியை நாங்கள் கண்டதில்லை.

அரசு என்ன செய்தது? அகமதாபாத்தின் சிஇபிடி பல்கலைக்கழகத்திடம் வேறோர் ஆய்வை ஒப்படைத்தது. அது எடுத்துக்கொண்ட கிராமங்கள் ஐந்து. சாதிப் பாகுபாடு என்பது பெரிதும் மனப்பதிவைச் சார்ந்த விஷயம் என்ற தொனியில் அதன் முடிவு அமைந்தது. 1,589 ஊர்களின் கணக்கு ஏற்கெனவே மக்கள் கையில் இல்லாதிருந்தால், அந்த ஐந்து ஊர்களின் அறிக்கையே அரசின் இறுதிச் சொல்லாகியிருக்கும்.

உலகின் வேறு மூலைகளிலும் ஒடுக்கப்பட்டோர் இதே கசப்பின் வழியே வந்திருக்கிறார்கள். தங்கள் மரபணுவைப் பற்றிய கட்டுரை சர்வதேச இதழில் வெளிவந்தபின்தான் அதில் தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறிந்த தென்னாப்பிரிக்கச் சான் பழங்குடியினர், 2017இல் ஆய்வாளர்களுக்கான நெறிமுறை ஒன்றைத் தாங்களே வகுத்து வெளியிட்டனர். எங்களிடம் வருபவர் எங்கள் அவைக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும், முடிவை வெளியிடுமுன் எங்களிடம் காட்ட வேண்டும், மீறினால் இனி எங்கள் மண்ணில் இடமில்லை என்பது அதன் சாரம். மதுரை மாவட்டத்தின் எந்தச் சேரியாவது இப்படியொரு நிபந்தனையை விதித்து நாங்கள் கேட்டதில்லை. விதிக்கலாம் என்ற எண்ணமே இன்னும் நம்மிடம் பரவவில்லை.

எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது

ஆய்வு நூலகத்துக்குப் போவதில் எங்களுக்கு வருத்தமில்லை. அது மட்டுமே போகுமிடமாக இருக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே ஆய்வைக் கேட்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சட்டம் எவ்வாறு செயல்படுகிறது என்று காலமுறையில் களஆய்வு நடத்துவதையும், வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அடையாளம் காண்பதையும் 21ஆம் பிரிவு அரசின் கடமைகளுள் வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி அதையே மீண்டும் வற்புறுத்துகிறது. 17ஆம் விதியின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்களுக்கும் தொண்டு அமைப்பினருக்கும் அதில் இடமுண்டு. ஓர் ஊரின் தீண்டாமைக் கணக்கு அந்த மேசையில் வைக்கப்பட்டுக் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், பின்னர் அங்கே வன்கொடுமை நடக்கும்போது "முன்கூட்டித் தெரியாது" என்று நிர்வாகம் சொல்ல இயலாது. பாதிக்கப்பட்டோர் தொண்டு அமைப்புகள், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமை 15ஏ பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வாளர் அந்த வாசல் வழியாகவும் வரலாம்.

மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு, முன்கூட்டித் தெரிந்திருந்த ஊருக்கு எடுத்துக்காட்டு. ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கீடு செய்யப்பட்டதிலிருந்தே மிரட்டல் வெளிப்படையாக இருந்தது. வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, தேர்தல் தடைப்பட்டது. எல்லாம் அரசின் பதிவேடுகளிலேயே கிடந்தன. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் உடன் சென்றோரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தப் பதிவுகளைச் சேர்த்து வைத்து ஒரு காகிதமாக்கி, இந்த ஊரை 3ஆம் விதியின் கீழ் அறிவியுங்கள் என்று கேட்க அன்று ஓர் ஆய்வுக் குழு இருந்திருந்தால் என்று இன்றும் நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

எங்களைத் தேடிவரும் ஆய்வு மாணவர்களிடம் இப்போதெல்லாம் சிலவற்றை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். வினாநிரல் அச்சாகுமுன் ஊரில் ஒரு மாலை உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிய வேண்டியது என்ன என்று கேட்பீர்களா? ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இருக்கிறார்கள். படிவம் நிரப்ப அவர்களைக் கூலியுடன் சேர்த்துக்கொள்வீர்களா? ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றாவது சேரியின் படிப்பகத்தில் இருக்குமா? பெரும்பாலோர் சரி என்கிறார்கள், உண்மையாகவே சொல்கிறார்கள். சிலர் வழிகாட்டிப் பேராசிரியரைக் கேட்டுச் சொல்வதாகப் போய், திரும்பி வருவதில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் விடை கிடைப்பதில்லை. மேலவளவு வழக்கு 1997இல் தொடங்கி, சேலத்தில் விசாரணை நீதிமன்றம் 2001இல் தண்டனை வழங்கி, உச்ச நீதிமன்றத்தில் உறுதியானபோது 2009 ஆகிவிட்டது. ஆய்வுத் திட்டத்துக்கான நிதியோ இரண்டாண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. நான்காம் ஆண்டில் நீதிமன்ற அழைப்பாணை வந்தால், அந்த ஒளிப்படத்தை எடுத்தவர் எந்த ஊரில் இருந்தாலும் கூண்டேற வருவாரா, அவருக்குப் பயணச்செலவை யார் தருவார் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறோம். இதுவரை ஒரே ஒரு குழு எழுதித் தந்திருக்கிறது.